காரை ஸ்டார்ட் செய்யும்போது சத்தம் வருகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

காலையில் சாவியைத் திருப்பியதும் வழக்கமில்லாத ஒரு சத்தம் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்றுதான் பலரும் தேடுவார்கள். பானெட்டைத் திறந்து காதை நீட்டுவார்கள். எஞ்சின் அறை முழுக்க இரும்பும் அலுமினியமும். ஒரு மூலையில் எழும் சத்தம் இன்னொரு மூலையில் கேட்கும். அதனால் புதிதாகக் கார் வைத்திருப்பவர்கள் இடத்தைத் தேடுவதற்கு முன்னால் நேரத்தைக் கவனியுங்கள். செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) சுற்றும்போது வருகிறதா, எஞ்சின் பிடித்த அடுத்த நொடியில் வருகிறதா, பிடித்த பிறகும் நிற்காமல் வருகிறதா? இது தெரிந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.

சாவி திருப்பினால் உள்ளே நடப்பது

சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்ப் அது. பழுதல்ல. அப்புறம் சாவியை முழுதாகத் திருப்பும்போது செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் சொலினாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் ஒரு சிறிய பல்சக்கரத்தை வெளியே தள்ளுகிறது. அது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான பிளைவீலைச் சுற்றியுள்ள பெரிய பல்வளையத்தில் கோத்துக்கொள்கிறது. மோட்டார் சுற்ற, எஞ்சினும் சுற்றுகிறது. எஞ்சின் தானாக ஓடத் தொடங்கியதும் சிறிய சக்கரம் பின்வாங்கிவிட வேண்டும். இவ்வளவும் ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடும். இதற்குப் பேட்டரியிலிருந்து பெட்ரோல் காரில் நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாய்கிறது. டீசலில் இன்னும் அதிகம்.

குளிர்ந்த எஞ்சின் பிடித்த முதல் நிமிடம் 1,200 முதல் 1,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை ஓடுவதும், சற்று உரக்கக் கேட்பதும் இயல்பு. சூடேறியதும் தானாக இறங்கிவிடும். வண்டி நகர்ந்த சில மீட்டருக்குள் சில கார்களில் ‘டொக்’ என்று ஒரு முறை கேட்பது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சத்தம். இவற்றுக்காக யாரும் பணம் செலவழிக்க வேண்டாம்.

முதல் வேலை: பதிவு செய்யுங்கள்

ஸ்டார்ட்டிங் சத்தத்தில் பெரிய தொல்லை, மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி அது மறைந்துவிடுவதுதான். “ஒண்ணும் இல்லையே சார்” என்று அவர் சொன்னால் அவர்மேல் தப்பில்லை. அதனால் இரவு முழுக்க நின்ற வண்டியில், பானெட்டைத் திறந்து வைத்து, ஃபோனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். சாவி திருப்புவதற்கு முன்பே பதிவைத் தொடங்கி ஒரு நிமிடம் வரை எடுங்கள். கூடவே மழை பெய்ததா, ஏசி ஆனில் இருந்ததா, கிளட்ச் மிதித்திருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைகளைச் செய்யும்போது ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். துப்பட்டா, தொங்கும் கழுத்துச் சங்கிலி, நீளக் கை சட்டை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எஞ்சினை அணைத்த பிறகும் தானாகச் சுற்றக்கூடும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்பது ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

‘டக் டக் டக்’ என்று வேகமாக வந்தால்

சாவியைத் திருப்பியதும் மெஷின் துப்பாக்கி போல விடாமல் ‘டக டக டக’ என்று அடித்து எஞ்சின் சுற்றவே இல்லை என்றால், சொலினாய்டு இழுக்கிறது, மின்சாரம் போதாமல் விடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று அர்த்தம். உடனே “பேட்டரி போயிடுச்சு, மாத்திடலாம்” என்ற பேச்சு வரும். அவசரப்படாதீர்கள். நல்ல பேட்டரியும், அதன் டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் இதே சத்தத்தைத்தான் கொடுக்கும். டெர்மினலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையால் அசைந்தால் பிடிப்பு போதவில்லை.

சுத்தம் செய்யும் முறை இது:

1. எஞ்சினை அணைத்து, கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். அந்தத் தூளில் அமிலம் இருக்கும்.
2. நெகட்டிவ் பக்கத்தை முதலில் கழற்றுங்கள். பல கார்களில் 10 மில்லிமீட்டர் ஸ்பானர் போதும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும்.
3. வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பேட்டரி மூடிகளின் துளை வழியாக உள்ளே இறங்கக் கூடாது.
4. நன்றாகத் துடைத்துக் காயவைத்து, பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டி இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலைன் தடவலாம்.

இதற்குப் பிறகும் அதே சத்தம் என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். மலிவான டிஜிட்டல் மீட்டரே போதும், கார் வைத்திருப்பவர் வீட்டில் ஒன்று இருப்பது நல்லது. சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனமாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அது இல்லையென்றால், எஞ்சின் ஓட்டத்தில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்யவில்லை; பழைய மெக்கானிக்குகள் இதை டைனமோ என்பார்கள். அந்த நிலையில் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் சில நாளில் அதே ‘டக டக’தான்.

இன்னொரு சோதனை அதிகம் பேருக்குத் தெரியாதது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறுமுனையை அதே கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த இணைப்பிலேயே மின்சாரம் வீணாகிறது. பேட்டரி, மோட்டார் எதையும் மாற்றாமல் இந்த ஒரே இடத்தைச் சரி செய்து வண்டி கிளம்புவது உண்டு.

நம் ஊர் வெயிலில் பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து மறுபடி கிளம்பும் வகைக் கார் என்றால், அதற்கென்று வரும் பேட்டரியையே போடுங்கள். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரி போட்டால் சீக்கிரம் படுத்துவிடும்.

ஒரே ஒரு ‘டக்’

ஒரு தடவை ‘டக்’, அப்புறம் அமைதி. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அணையும் அளவுக்கு மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல், மேலே சொன்னபடி பாருங்கள். வெளிச்சம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை. சொலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் குட்டையாகியிருக்கலாம், அல்லது எர்த் ஒயர் கழன்றிருக்கலாம்.

நடுவழியில் இப்படி மாட்டிக்கொண்டால், செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ஸ்பானர் கைப்பிடியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே ஒருவர் சாவியைத் திருப்புவது பழைய வழி. தேய்ந்த பிரஷ் சற்று நகர்ந்து தொட்டால் வண்டி கிளம்பும். கிளம்பினால் நேராக ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குப் போங்கள், நடுவில் எங்கும் அணைக்காதீர்கள். பிரஷ், புஷ், தொடுமுனை மட்டும் மாற்றிச் சர்வீஸ் செய்தாலே பெரும்பாலும் போதும். மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சர் எரிந்திருந்தால்தான் முழு மோட்டாரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்தக் காரணமானாலும் ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். தொடர்ந்து அடித்தால் மோட்டார் சூடேறிக் கருகும்.

‘கர்ர்ர்ர்’ என்று பல் உரசினால்

இது கேட்டால் தள்ளிப் போடக் கூடாது. சிறிய சக்கரமும் பிளைவீல் பல்வளையமும் சரியாகக் கோக்காமல் ஒன்றையொன்று அரைக்கின்றன. முதலில் பார்க்க வேண்டியது செல்ஃப் மோட்டாரின் மவுண்டிங் போல்ட். அது தளர்ந்திருந்தாலே இந்தச் சத்தம் வரும்; இறுக்கினால் முடிந்தது. அடுத்தது சிறிய சக்கரம், கடைக்காரர்கள் பெண்டிக்ஸ் என்பது. அதன் பல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம்.

சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை என்றால் பல்வளையத்தைச் சந்தேகியுங்கள். எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் குறிப்பிட்ட சில நிலைகளில்தான் வந்து நிற்கும். அதனால் வளையத்தில் அந்த இடங்களே அதிகம் தேயும். மேனுவல் கியர் காரில் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உரசல் வந்ததும் இக்னிஷனை அணைத்து, சமதளத்தில் டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளுங்கள். பிளைவீல் சற்றுத் திரும்பும். மறுபடி நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்யும்போது சுத்தமாக எடுத்தால், தேய்மானம் வளையத்தில்தான். அதை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், கூலி அதிகம். செல்ஃப் மோட்டார் கோளாறை ஆரம்பத்திலேயே சரி செய்வது இந்தச் செலவைத் தவிர்ப்பதற்குத்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் மறந்துபோய்ச் சாவியைத் திருப்பினாலும் இதே ‘கர்ர்’ வரும். ஒரு முறை நடந்தால் பயப்பட வேண்டாம். அமைதியாக ஓடும் பெட்ரோல் கார்களில் பழகுநர்களுக்கு இது சகஜம். டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துவிட்டுத் திருப்பும் பழக்கம் வந்துவிட்டால் சரியாகிவிடும்.

மோட்டார் மட்டும் ‘ஸ்ஸ்வீங்’ என்று காற்றில் சுற்றி, எஞ்சின் அசையாமல் இருந்தால் பெண்டிக்ஸின் உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சின் பிடித்த பிறகும் செல்ஃப் சுற்றும் சத்தம் நிற்கவில்லை என்றால் உடனே எஞ்சினை அணையுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

எஞ்சின் பிடித்ததும் ‘கீச்ச்ச்’

இது பெரும்பாலும், எஞ்சின் சுழற்சியை ஆல்டர்னேட்டர் போன்ற பாகங்களுக்குக் கொண்டுபோகும் பெல்ட். ஸ்டார்ட் செய்தபோது செலவான மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தர ஆல்டர்னேட்டர் அந்த முதல் சில நொடிகளில் அதிகச் சுமை இழுக்கும். பெல்ட் தளர்ந்திருந்தாலோ, மேற்பரப்பு பளபளப்பாகத் தேய்ந்திருந்தாலோ அப்போது வழுக்கிக் கத்தும். மழைக்காலக் காலையில் ஈரமும் சேர்ந்துகொண்டால் தெருவுக்கே கேட்கும்.

சத்தம் வரும்போது, கை எட்டாத தூரத்திலிருந்து, ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்வு, அல்லது அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனம். சத்தம் மறைந்து சற்று நேரத்தில் திரும்பி வந்தால் பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்ணீரால் எந்த மாற்றமும் இல்லை, ‘உர்ர்’ என்று சீராக உறுமுகிறது என்றால் பெல்ட்டை விடுங்கள். பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் சக்கரம், டென்ஷனர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. ஏசியை அணைத்ததும் நின்றால் கம்ப்ரசர் பக்கம் பாருங்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கூடினால் அதன் ஆயில் அளவைப் பாருங்கள். பேரிங் எது என்று உறுதியாகத் தெரிய, மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்ப்பார். சொரசொரப்பாகச் சுற்றுவது எதுவோ அதுதான் குற்றவாளி.

பெல்ட் கத்தாமல் இருக்க என்று விற்கும் ஸ்ப்ரேக்களை வாங்க வேண்டாம். சில நாள் அமைதி தந்து, தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். இப்போதைய பெல்ட்டுகளில் வெடிப்புத் தெரியாமலே வரிகள் தேய்ந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் நல்ல பெல்ட் என்று முடிவு செய்ய முடியாது. புது பெல்ட் போடும் முன் கூலன்ட்டோ ஆயிலோ அதன்மேல் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதியதும் கெடும். மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் கார்களில் சிக்னலில் அணைந்த எஞ்சின் பெல்ட் வழியாகவே மறுபடி சுழற்றப்படுகிறது. அவற்றில் பெல்ட்டை அலட்சியம் செய்யவே கூடாது.

‘டிக் டிக்’, ‘கடகட’, ‘டொக் டொக்’

இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கத் தெரிவது முக்கியம். எல்லாமே ஆயிலோடு சம்பந்தப்பட்டவை. ஆனால் ஒன்றுக்கு அவசரமில்லை, ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதம் ஆகாது.

லேசான ‘டிக் டிக்’ எஞ்சினின் மேல்பகுதியிலிருந்து சில நொடி கேட்டு மறைந்தால், வால்வுகளை இயக்கும் சிறு பாகமான டேப்பெட். இரவு முழுக்க ஆயில் கீழே இறங்கிவிட்டதால் அது மேலே ஏறும் வரை கேட்கும். மட்டமான ஆயில் ஃபில்டரில், ஆயில் திரும்பி இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியாக இருக்காது, அதனாலும் வரும். அடுத்த ஆயில் மாற்றத்தில் கம்பெனி ஃபில்டரும், கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலும் போட்டுப் பாருங்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் சொல்லியிருக்கும் எஞ்சினில் “கெட்டியா இருந்தா சத்தம் குறையும்” என்று 20டபிள்யூ-50 ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். காலையில் அது மேலே ஏற இன்னும் நேரமாகும்.

இரண்டு மூன்று நொடி ‘கடகட’ என்று சங்கிலி குலுங்குவது போல் கேட்டால், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயினின் டென்ஷனர் ஆயில் அழுத்தத்துக்காகக் காத்திருக்கிறது. எப்போதாவது என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். தினமும் வந்து, நீண்டுகொண்டே போனால் செயின் நீண்டுவிட்டது அல்லது டென்ஷனர் தேய்ந்துவிட்டது. செயின் பல் தாண்டினால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், செலவு பல மடங்காகும்.

அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று எஞ்சின் வேகத்தோடு கூடி வந்தாலோ, சிவப்பு ஆயில் விளக்கு அணையாமல் இருந்தாலோ உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். பிஸ்டனின் அடியில் இருக்கும் இணைப்புத் தண்டான கனெக்டிங் ராடின் பேரிங் போயிருக்கலாம். ஒர்க்‌ஷாப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஓட்டிப் போகாதீர்கள். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

மூன்றுக்கும் பொதுவான முதல் சோதனை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் அதே கிரேடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல் குறியைத் தாண்டக் கூடாது.

புகைக்குழாய், கிளட்ச், ப்ளோயர்

குளிர்ந்திருக்கும்போது ‘புஸ் புஸ்’ என்று அடித்து, சூடேறியதும் குறைந்தால் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பேக்கிங் கசிகிறது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் குறைகிறது. வண்டி மொத்தமும் லாரி மாதிரி உறுமினால் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். தகரம் அதிரும் சத்தம் என்றால் வெப்பத்தடுப்புத் தகட்டின் போல்ட் கழன்றிருக்கும், ஒரு கிளிப் போட்டு இறுக்கினால் போதும்.

கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால் கியர்பாக்ஸின் பேரிங். ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் வண்டியே குலுங்கி ‘தொம்’ என்றால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர். டீசல் வண்டியில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் முதல் நிமிடம் வரும் ‘கடகட’ டீசலுக்கு இயல்பு.

டேஷ்போர்டுக்குள் ‘டர்ர்ர்’ என்று ஏதோ சிக்கி அடிக்கிறதா? ப்ளோயர் (ஏசி காற்றை உள்ளே தள்ளும் ஃபேன்) சுவிட்சை அணையுங்கள். நின்றுவிட்டால் எஞ்சினில் ஒன்றும் இல்லை. ப்ளோயருக்குள் சருகோ, எலி கொண்டுவந்து வைத்த பஞ்சோ இருக்கும். மரத்தடியில் நிறுத்தும் கார்களில் இது அடிக்கடி நடக்கும். எலி நடமாட்டம் உள்ள இடமென்றால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஒயர்களையும் வாரம் ஒரு முறை பாருங்கள். மழைநாளில் கதகதப்புக்காகப் பூனை எஞ்சின் பக்கம் ஏறிப் படுத்திருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

தண்ணீரில் நின்ற கார்

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற காரில் சாவியைத் திருப்பி ‘தட்’ என்று ஒரு சத்தத்தோடு எஞ்சின் இறுகி நின்றால், சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். மறுபடி முயலவே கூடாது.

தண்ணீர் ஏர் ஃபில்டர் மட்டத்துக்கு ஏறியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலே, ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டோ செய்து கொண்டுபோங்கள். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றுவார். சீக்கிரம் செய்தால் எஞ்சின் பிழைத்துவிடும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் இணைப்பு இல்லாத சாதாரணப் பாலிசியில், தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்த எஞ்சின் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

யாரிடம் போவது, என்ன சொல்வது

‘டக்’, ‘டக டக’, ‘கர்ர்’, காற்றில் சுற்றுவது என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியன். பெல்ட், ஆயில், செயின், கிளட்ச் என்றால் மெக்கானிக். “சத்தம் வருது, பாருங்க” என்பதைவிட, “ராத்திரி நின்ன வண்டி, பிடிச்ச உடனே மூணு நொடி கடகடன்னு வருது, ஏசி ஆஃப்ல இருந்தாலும் வருது” என்று சொல்லி வீடியோவைக் காட்டுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பிரஷ் எவ்வளவு தேய்ந்தது, பல் எங்கே உடைந்தது என்று கண்ணால் பார்த்தால் அடுத்த முறை உங்களுக்கே தெரியும். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வரும் சத்தமென்றால் வண்டியை முந்தின நாள் இரவே அங்கே விட்டுவிடுங்கள். காலையில் நீங்கள் போய்ச் சேரும் வரை யாரும் சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவைத்து, முதல் ஸ்டார்ட்டை அவரோடு சேர்ந்து நின்று கேளுங்கள். வேலை முடிந்த பிறகும் அதே மாதிரி ஒரு இரவு விட்டு, காலையில் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.